ஜன கண மன: நாட்டுப்பண்ணின் பெயர்க்காரணத்தை மாணவர்க்கு விளக்குவது எப்படி?

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் பள்ளிகளில் பேச்சுப் போட்டிக்கும் வினாடி வினாவுக்கும் தலைப்புக் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்; ஜனவரியிலும் அப்படியே. அத்தலைப்புகளுள் தவறாமல் இடம்பெறுவது நம் நாட்டுப்பண். மேடையேறும் பிள்ளை, அதை எழுதியவர் இரவீந்திரநாத் தாகூர் என்பதையும் பாடுவதற்கு ஏறத்தாழ 52 விநாடி ஆகும் என்பதையும் தடங்கலின்றிச் சொல்லிவிடுகிறது. 'ஜன கண மன' என்னும் பெயருக்கு என்ன பொருள், அந்தப் பெயரை வைத்தவர் யார் என்று நடுவர் கூடுதலாக ஒரு வினாவைப் போட்டால்தான் திணறல் தொடங்குகிறது. பள்ளிக் காலம் முழுவதும் வாயாரப் பாடிய ஒரு பாட்டின் பெயர்ப்பொருளை அறியாமல் ஒரு மாணவர் பள்ளியை விட்டு வெளியே போவதை என்னால் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஆகவே ஆசிரியர்களும் பெற்றோரும் நூலக வாசகர் வட்டத்தாரும் பிள்ளைகளை அருகில் அமர்த்திச் சொல்லிக்கொடுக்கத் தக்க முறை ஒன்றை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெயர்க்காரணம் கேட்கப்படும் எந்தப் பாட்டுக்கும் மூன்று செய்திகளைத் தனித்தனியாகத் தேடி எடுக்க வேண்டும். பெயரில் உள்ள சொற்களுக்குப் பொருள் என்ன என்பது முதலாவது. அச்சொற்கள் பாட்டின் எந்த இடத்தில், எந்தச் சொல்லோடு சேர்ந்து நிற்கின்றன என்பது இரண்டாவது. பாட்டு பிறந்தபோதே அந்தப் பெயர் இருந்ததா, பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்பது மூன்றாவது. பெரும்பாலான விளக்கங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. குழப்பமெல்லாம் மூன்றாவதில்தான் பிறக்கிறது. பாட்டை எழுதுவது கவிஞர். அதற்குப் பெயர் வைப்பதோ பெரும்பாலும் அதைப் பாடுகிற மக்கள். இந்த ஒன்றைப் பிள்ளைகள் மனத்தில் பதிய வைத்துவிட்டால் மற்றவற்றைச் சொல்லிக்கொடுப்பது எளிது.

நம் ஊர்ப் பாட்டிலிருந்து தொடங்குங்கள்

வங்காளப் பாட்டுக்கு நேரே போய்விட வேண்டாம். பாட்டின் முதற் சொற்களையே அதற்குப் பெயராக வழங்குவது தமிழில் பழைய வழக்கம் என்பதை முதலில் காட்டுங்கள். 'ஆத்தி சூடி அமர்ந்த தேவனை' என்று ஔவையார் தொடங்கியதால் அந்நூல் ஆத்திசூடி ஆயிற்று. 'கொன்றை வேந்தன் செல்வன் அடியிணை' என்று தொடங்கியதால் அடுத்தது கொன்றை வேந்தன் ஆயிற்று. ஆத்திசூடி முழுவதும் ஆத்தி மாலையைப் பற்றியது என்று எந்தப் பிள்ளையும் எண்ணுவதில்லை. இப்படி முதற்சொல்லால் பாட்டைக் குறிப்பதை முதற்குறிப்பு என்பார்கள். பழைய பதிப்புகளின் கடைசிப் பக்கங்களில் 'பாட்டு முதற்குறிப்பு அகராதி' என்னும் பகுதியை எடுத்து மாணவரைத் தடவிப் பார்க்கச் சொன்னாலே போதும், செய்தி விளங்கிவிடும்.

தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு இன்னும் நயமான சான்று இருக்கிறது. ஆழ்வார்திருநகரிக்கு அருகிலுள்ள திருக்கோளூரில் பிறந்த மதுரகவியாழ்வார் தம் ஆசிரியராகிய நம்மாழ்வாரைப் போற்றி 11 பாசுரங்கள் பாடினார். அவற்றின் தொடக்கம் 'கண்ணிநுண் சிறுத்தாம்பினால் கட்டுண்ணப் பண்ணிய பெருமாயன்' என்பது. கண்ணன் கட்டுண்ட முடிச்சுகள் நிறைந்த மெல்லிய சிறு கயிறுதான் கண்ணிநுண் சிறுத்தாம்பு. பாடப்பட்டவர் நம்மாழ்வார், பாட்டின் பெயரோ ஒரு கயிற்றின் பெயர். பெயர் பாட்டின் வாசலை மட்டுமே காட்டும், உள்ளே இருப்பவர் யார் என்பதை உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்து, மாணவர் அன்றாடம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு வாருங்கள். நம் பள்ளி விழாக்கள் இந்தப் பாட்டில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடிகின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து விளக்குவது இயல்பாகவே அமைந்துவிடும். இப்பாட்டுக்கு மூன்று பெயர்கள் உண்டு. பி. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரத்தில் இது 'தமிழ்த் தெய்வ வணக்கம்' என்னும் தலைப்பின்கீழ் இருக்கிறது. 1970இல் தமிழக அரசு இதன் ஒரு பகுதியை எடுத்து விழாக்களில் பாடச் செய்தபோது, எதற்காகப் பாடுகிறோமோ அதுவே பெயராகித் தமிழ்த்தாய் வாழ்த்து ஆயிற்று. நம் வீடுகளிலோ அது எப்போதும் 'நீராருங் கடலுடுத்த' தான். 2021 டிசம்பரில் அரசு இதை மாநிலப் பாடல் என்று அறிவித்தது. 55 விநாடியில் பாட வேண்டும் என்றும் வரையறுத்தது.

'நீராருங் கடலுடுத்த' என்பதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, உடுத்தவர் யார் என்று கேளுங்கள். விடை அந்தப் பெயரில் கிடைக்காது; 'நிலமடந்தை' என்னும் அடுத்த சொல்லுக்குப் போனால்தான் கிடைக்கும். 'உடுத்த' என்பது பெயரெச்சம். தனக்குரிய பெயர்ச்சொல் வரும்வரை காத்து நிற்கும். இந்த இடத்தில் இலக்கணம் படித்த மாணவர் ஒருவர் கை தூக்காமல் இரார். முதற்குறிப்பாக வந்த பெயர் வாக்கியத்தின் நடுவிலேயே அறுபட்டு நிற்கலாம் என்பதை அவர்கள் இங்கே தமிழிலேயே கண்டுகொள்கிறார்கள். அதே நிலை ஜன கண மனவிலும் வரப்போகிறது.

சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தவர், 1897இல் மறைந்தவர், சில காலம் திருநெல்வேலியில் கல்விப் பணி ஆற்றியவர் என்பதையும் சொல்லுங்கள். அவர் நாடகத்தில் பாண்டியன் சீவகன் தன் அமைச்சன் குடிலனின் பேச்சைக் கேட்டு மதுரையை விட்டு நீங்கிக் கோட்டை கட்டுவது இதே திருநெல்வேலியில்தான். மனோன்மணி அந்த மன்னனின் மகள். நாடகத்தின் பெயர் அவளிடமிருந்து வந்தது. அந்தப் பெயரே இன்று அபிசேகப்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் நிற்கிறது. பேருந்தில் அதைக் கடந்துபோகும் பிள்ளைக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டும்.

சொற்களைப் பிரிக்கும் முறை

இனி ஜன கண மன. முதலில் எழுத்தைத் திருத்துங்கள். பிள்ளைகளின் குறிப்பேடுகளில் 'ஜனகனமன' என்று ஒரே தொடராக, எல்லா இடத்திலும் இரண்டு சுழி னகரத்தோடு எழுதியிருப்பதை அடிக்கடி காணலாம். செவியால் கேட்டு எழுதிய எழுத்து அது. நடுச்சொல் 'கண', மூன்று சுழி ணகரம். கணபதி என்னும் பெயரில் இருக்கும் கணம்தான் இது. கூட்டம், தொகுதி என்பது பொருள். இரண்டு சுழியிட்டால் கனமான பொருளைத் தூக்கும் கனம் ஆகிவிடும். இதே குறிப்பேட்டில் சற்றுக் கீழே போனால் 'தவசுப நாமே' என்று ஒட்டி எழுதியிருக்கும். சங்கரன்கோவில் ஆடித்தவசுக்குப் போய்வந்த பிள்ளை அதைத் 'தவசு' என்று பிரித்துப் படிப்பதில் வியப்பில்லை. 'தவ' என்றால் உன்னுடைய. 'சுப நாமே' என்றால் மங்கலப் பெயரில். உன் மங்கலப் பெயரில் நாடு விழித்தெழுகிறது என்பது அங்கே சொல்லப்படுவது.

ஜன என்பது மக்கள். கண என்பது கூட்டம். மன என்பது மனம். மூன்றும் தமிழ்க் காதுக்கு ஏற்கெனவே பழகியவை: ஜனம், கணம், மனம் என்று 'அம்' சேர்த்தால் நாம் வழங்கும் சொற்களே கிடைக்கும். இவ்வளவோடு நிறுத்தி 'மக்கள் கூட்டத்தின் மனம்' என்று பொருள் எழுதிவிடுகிற வழிகாட்டி நூல்கள் பல. அது தவறென்று சொல்ல முடியாது. ஆனால் பாதி வழியில் நின்ற பொருள். அடுத்த சொல்லாகிய 'அதிநாயக' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜனகணமன அதிநாயக என்பது முழுவதும் ஒரே தொகைச்சொல்: மக்கள் திரளின் மனங்களுக்கெல்லாம் தலைவனாக இருப்பவனே என்னும் விளி. 'ஜய ஹே' என்பது உனக்கு வெற்றி உண்டாகுக என்னும் வாழ்த்து. ஆகவே நாம் பாட்டின் பெயராக வழங்குவது, ஒரு விளியின் முன்பகுதி. யாரை விளிக்கிறோமோ அவரைக் குறிக்கும் சொல் வருவதற்கு முன்பே அறுந்து நிற்கிறது. நீராருங் கடலுடுத்த என்பதை முன்னரே பார்த்துவிட்ட மாணவர்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

விளிக்கப்படுபவர் யார் என்பதற்கு விடை அதே அடியின் பிற்பகுதியில் இருக்கிறது: 'பாரத பாக்கிய விதாதா'. இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் பாக்கியம் என்றால் நல்வாய்ப்பு. பிள்ளைப் பாக்கியம், அவர் பாக்கியசாலி என்கிறோம். பாட்டில் அச்சொல் நாட்டுக்கு வகுக்கப்பட்ட ஊழ் என்னும் அளவில் விரிந்து நிற்கிறது. விதாதா என்பவன் அதை வகுப்பவன். 'வகுத்தான் வகுத்த வகையல்லால்' என்று ஊழ் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறாரே, அந்த வகுத்தானே விதாதா என்று சொன்னால் பத்தாம் வகுப்பு மாணவர் சட்டென்று பிடித்துக்கொள்வார். பாரதத்தின் ஊழை வகுப்பவனே, மக்கள் திரளின் மனத்தை ஆள்பவனே, உனக்கு வெற்றி: இதுதான் முதலடியின் பொருள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தொடக்கப் பக்கத்தில் 'நாட்டுப்பண் - பொருள்' என்று அச்சிட்டிருக்கும் பகுதி 'இந்தியத் தாயே' என்று விளித்துத் தொடங்குவதைக் கூர்மையான மாணவர் சுட்டிக்காட்டுவார். அதிநாயக என்பது ஆண்பாலாக இருக்க, தாய் எங்கிருந்து வந்தாள் என்று கேட்பார். கேட்க வேண்டும். நாம் பாடுவது ஐந்து பத்திகளுள் முதற்பத்தியை மட்டுமே என்பதையும், நான்காம் பத்தியில் தாகூரே அந்த வகுப்பவனை 'அன்பு நிறைந்த அன்னையே' என்று விளிக்கிறார் என்பதையும் அப்போது சொல்லுங்கள். மூன்றாம் பத்தியில் காலங்காலமாகப் பயணம் செய்யும் மக்களின் தேரை ஓட்டும் சாரதியாகவும் அவனைப் பாடுகிறார். இரண்டாம் பத்தியில் இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர், பார்சி, இசுலாமியர், கிறித்தவர் ஆகியோர் அனைவரும் அவன் அழைப்பைக் கேட்டு வருகிறார்கள். பாளையங்கோட்டையில் கோயில் மணியையும் தேவாலய மணியையும் பள்ளிவாசல் பாங்கையும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாம் பத்தியை ஒருமுறையேனும் பொருளோடு படித்துக் காட்ட வேண்டும் என்பது என் விருப்பம். பாடவேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை.

இடப்பெயர்கள் வரும் அடிகளை இங்கே நீட்ட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: நீராருங் கடலுடுத்தவில் 'திராவிட நல் திருநாடு' வருகிறது, ஜன கண மனவிலும் 'திராவிட' வருகிறது. இரண்டிலும் அந்தப் பெயர் இடம்பெற்றிருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வினாடி வினாச் செய்தி.

ஆண்டுகளைக் கலக்காமல் சொல்லுதல்

மூன்று நாள்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன நடந்தது என்பதை எழுதவைக்க வேண்டும். 1911 டிசம்பர் 27: கல்கத்தாவில் கூடிய காங்கிரசு மாநாட்டின் இரண்டாம் நாளில் பாட்டு முதன்முதலாகப் பொதுமேடையில் பாடப்பட்டது. 1912 ஜனவரி: தத்துவபோதினி இதழில் அச்சேறியது. அன்று அதற்கு வழங்கிய பெயர் 'பாரத பாக்கிய விதாதா'. அதாவது பாட்டுக்குள் இருக்கும் கருத்துப்பெயர். 1950 ஜனவரி 24: அரசமைப்பு அவையில் இராசேந்திர பிரசாத் அதை நாட்டுப்பண் என்று அறிவித்தார். அந்த அறிவிப்பின் வாசகத்தில் 'ஜன கண மன என்று அறியப்படும்' சொல்லும் இசையும் என்றே இருக்கிறது. மக்கள் வழக்கில் நிலைத்துவிட்ட முதற்குறிப்பையே அவை ஏற்றுக்கொண்டது என்பதற்கு அந்த 'அறியப்படும்' என்னும் சொல்லே சான்று. எனவே, இந்தப் பெயரை வைத்தவர் யார் என்ற வினாவுக்குத் தாகூர் என்று விடை எழுதக் கூடாது. பாட்டின் தொடக்கச் சொற்கள் வழக்கில் பெயராயின என்று எழுத வேண்டும்.

1911 என்னும் ஆண்டு நம் பகுதி மாணவருக்கு எளிதில் மறக்காது. அந்த ஆண்டு ஜூன் 17ஆம் நாள்தான் மணியாச்சி நிலையத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டது. அதே ஆண்டின் இறுதியில் கல்கத்தாவில் இப்பாட்டு அரங்கேறியது. இரண்டுக்கும் இடையே தொடர்பு எதையும் கற்பிக்க வேண்டாம். எப்படிப்பட்ட காலத்தில் இந்தப் பாட்டு பாடப்பட்டது என்பதை உணர்த்த மட்டும் அந்த நாள் உதவும்.

பலர் 1950 ஜனவரி 24ஐயும் 26ஐயும் மாற்றி எழுதுகிறார்கள். குடியரசு மலர்வதற்கு இரண்டு நாள் முன்பே நாட்டுப்பண் முடிவாகிவிட்டது என்று ஒரு முறை அழுத்திச் சொன்னால் போதும். நேரம் இருந்தால் 1919இல் தாகூர் மதனப்பள்ளியில் தங்கியிருந்தபோது இந்தப் பாட்டைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்ததையும், அங்கிருந்த கல்லூரி முதல்வரின் மனைவியும் இசை அறிந்தவருமான மார்கரெட் கசின்ஸ் அதன் இசையைக் குறித்துவைத்ததையும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் அவர் இட்ட தலைப்பு 'இந்தியாவின் காலைப் பாட்டு' என்று பொருள்படுவது. ஆக இந்தப் பாட்டுக்கும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு இருப்பதுபோலப் பெயர்கள் மூன்று.

வந்தே மாதரத்தை இத்துடன் குழப்பிக்கொள்ளாமல் காக்க வேண்டும். அது நாட்டுப்பண்ணுக்கு இணையான மதிப்புடையது என்று 1950இல் அதே அறிவிப்பில் சொல்லப்பட்ட தேசியப் பாடல்; பங்கிம் சந்திரர் எழுதி, 1882இல் வெளிவந்த ஆனந்தமடம் நாவலில் இடம்பெற்றது. அதன் பெயரும் முதற்குறிப்பே. ஆனால் ஓர் அழகான வேறுபாடு உண்டு: 'வந்தே' என்றால் வணங்குகிறேன், 'மாதரம்' என்றால் தாயை, பெயரே முழு வாக்கியம். மாதரம் என்பதை மாதர் என்னும் சொல்லோடு சேர்த்துப் பெண்கள் என்று பொருள் சொல்லும் பிள்ளைகளைத் திருத்திவிடுங்கள். 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைக் கேட்டுத் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்த நாள்களில் இங்கே தெருவில் எழுந்த முழக்கம் இந்த இரண்டு சொற்கள்தாம். ஜன கண மன அப்போது எழுதப்படவே இல்லை.

ஐயங்களுக்கு விடை சொல்லுதல்

ஐந்தாம் ஜார்ஜ் மன்னனை வாழ்த்தி எழுதிய பாட்டுதானே இது என்னும் வினா எந்த வகுப்பிலும் எழும். அதைக் கேட்ட பிள்ளையை அதட்டாதீர்கள். அவர் அதைத் தம் வீட்டுப் பெரியவரிடமோ கைப்பேசிச் செய்தியிலோ கேட்டிருப்பார். ஐயம் எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொன்னால் அது தானே தீரும். 1911 டிசம்பரில் மன்னர் இந்தியா வந்திருந்தார். தில்லியில் முடிசூட்டு விழாத் தர்பார் நடந்தது. வங்கப் பிரிவினை நீக்கப்பட்டது. அதற்கு நன்றி சொல்லும் தீர்மானமும் அந்தக் காங்கிரசு மாநாட்டில் இருந்தது. அதே நாளில் மன்னரை வாழ்த்தி வேறோர் இந்திப் பாட்டும் அங்கே பாடப்பட்டது. சில ஆங்கில நாளேடுகள் இரண்டையும் கலந்து, தாகூரின் பாட்டே மன்னர் வாழ்த்து என்று எழுதிவிட்டன. அரசுத் தொடர்புடைய நண்பர் ஒருவர் மன்னரைப் புகழ்ந்து பாட்டு எழுதக் கேட்டபோது தமக்கு வியப்பும் மனக்கொதிப்பும் உண்டாயின என்றும், யுகயுகமாக இந்தியாவின் தேரை நடத்தும் அந்த வகுப்பவன் எந்த ஜார்ஜாகவும் இருக்க முடியாது என்றும் 1937இல் தாகூர் கடிதத்தில் விளக்கியிருக்கிறார். அவர் சொல்லையும் ஒதுக்கிவிட்டு, பாட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். மூன்றாம் பத்தியின் சாரதியும் நான்காம் பத்தியின் அன்னையும் இங்கிலாந்து மன்னனாக இருக்க வழியில்லை. அதிநாயக என்னும் பெயர்ப்பகுதி அறுந்து நிற்பதால்தான் இந்த ஐயம் இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முழுப் பாட்டைப் படித்தவர் அந்த ஐயத்தைக் கிளப்புவதில்லை.

ஊர்ப்பெயரைப் பற்றியும் இப்படிக் கதைகள் சேரும் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். வேதசர்மர் உலரவைத்த நெல்லைச் சுற்றி மழை வேலிபோல நின்றதால் திருநெல்வேலி என்று பெயர் வந்தது என்னும் தலபுராணத்தை நெல்லையப்பர் கோயிலில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். சம்பந்தர் தேவாரத்தில் இப்பெயர் இருக்கிறது என்பது ஆவணச் செய்தி. வேலியாக நின்ற மழை பக்தியில் பிறந்த கதை. இரண்டையும் மதிக்கலாம், ஆனால் எது எந்த வகை என்று சொல்லத் தெரிய வேண்டும். பாட்டின் பெயர்க்காரணத்திலும் அதே கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கச் சொல்லுங்கள். உலகின் சிறந்த நாட்டுப்பண் என்று யுனெஸ்கோ ஜன கண மனவைத் தேர்ந்தெடுத்தது என்று சுற்றிவரும் செய்தி பொய். அதை உரையில் சேர்க்கவே கூடாது.

பிற நாட்டுப் பண்களோடு ஒப்பிட்டுக் காட்டுதல்

இந்தப் பகுதிக்கு வருமுன் மாணவரிடம், உறவினர் எந்தெந்த நாடுகளில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்னும் பெயர்கள் எந்த வகுப்பிலும் வரும். அங்கிருந்தே தொடங்கலாம்.

மலேசியாவின் பண் நெகாராகூ. 'நெகாரா' என்பது நகரம் என்று நாம் வழங்கும் வடசொல்லே. மலாயில் அது நாடு என்னும் பொருளுக்கு விரிந்தது. ஈற்றில் நிற்கும் 'கூ' என்பது என் என்னும் பொருள்தரும் ஒட்டு. என் நாடு என்று பொருள்; தொடக்கச் சொல்லும் அதுவே. 1957இல் விடுதலையை ஒட்டி ஏற்கப்பட்டது. மெட்டு பேரா மாநிலத்தின் பண்ணிலிருந்து வந்தது. சிங்கப்பூரின் மஜுலா சிங்கப்பூராவில் 'மஜுலா' என்பது முன்னேறுக என்னும் ஏவல். சுபிர் சயித் அதை 1958இல் நகராட்சி மன்றத்துக்காக எழுதி இசையமைத்தார். ஒரு நகர விழாவுக்குப் பிறந்த பாட்டு 1965இல் தனிநாட்டின் பண்ணாக உயர்ந்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகளும் அதை மலாயிலேயே பாடுகிறார்கள்.

இலங்கையின் கதைதான் பெயர்க்காரணம் தேடுபவருக்கு மிகுந்த பாடம் தருவது. ஆனந்த சமரக்கோன் 1940இல் எழுதிய அந்தப் பாட்டு 'நமோ நமோ மாதா' என்று தொடங்கியது. அதுவே பெயராகவும் வழங்கியது. 1951இல் அது நாட்டுப்பண் ஆயிற்று, மு. நல்லதம்பி அதைத் தமிழில் பெயர்த்தார். பின்னர், பாட்டின் தொடக்க எழுத்துகளின் கணம், அதாவது அசைகள் சேரும் அமைப்பு, மங்கலமானதாக இல்லை, அதனால்தான் பிரதமர் இருவர் மறைந்தது முதலான துயரங்கள் நாட்டுக்கு நேர்ந்தன என்னும் பேச்சு எழுந்தது. 1961இல் முதலடி 'ஸ்ரீ லங்கா மாதா' என்று மாற்றப்பட்டது. முதலடி மாறியதால் பெயரும் மாறிற்று. கவிஞர் அந்த மாற்றத்தை எதிர்த்தார். 1962இல் அவர் இறந்தார். செய்யுளின் முதற்சொல்லுக்கு மங்கலம் முதலாகக் கணம் ஈறாகப் பத்துப் பொருத்தம் பார்க்கும் பாட்டியல் மரபு தமிழிலும் உண்டு என்பதால், அங்கு நடந்தது நம் மாணவருக்கு விளங்காத செய்தியாக இராது. எழுதியவர் மனம் வருந்தியிருக்க, அவர் பாட்டின் வாசலை இன்னொருவர் இடித்துக் கட்டியது நேர்மையாகுமா என்று ஒரு விவாதத்தையே வகுப்பில் நடத்தலாம்.

பிரான்சின் மார்செயேசை ஓரளவு விரித்துச் சொல்லுங்கள். பாடுகிறவர்கள் பெயர் வைப்பதற்கு அதுவே தலைசிறந்த சான்று. 1792 ஏப்ரல் 25ஆம் நாள் இரவு ஸ்ட்ராஸ்பூர் நகரில் ரூஷே த லீல் என்னும் படை அதிகாரி அதை எழுதினார். ரைன் ஆற்றுப் படைக்கான போர்ப்பாட்டு என்பது அவர் இட்ட பெயர். அதே ஆண்டு கோடையில் தெற்கே மார்செய் துறைமுகத்திலிருந்து நடந்து வந்த தொண்டர் படை அதைப் பாடிக்கொண்டே பாரிசுக்குள் நுழைந்தது. கேட்ட மக்கள் மார்செய் ஊர்ப் பாட்டு என்றார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது. 1795 ஜூலை 14இல் நாட்டுப்பண் ஆயிற்று. பாட்டு பிறந்த ஊர் ஒன்று, பெயர் தந்த ஊர் வேறு. முன்னது நாட்டின் வடகிழக்கிலும் பின்னது தென்கிழக்கிலும் இருக்கின்றன. நிலப்படத்தில் இரண்டையும் தொட்டுக் காட்டினால் மறக்காது.

மற்றவற்றை ஒவ்வொரு வரியில் முடிக்கலாம். சப்பானின் கிமிகாயோவும் நெதர்லாந்தின் வில்ஹெல்மசும் முதற்குறிப்பால் வந்தவை. அமெரிக்காவின் பண் 1814இல் மக்ஹென்றிக் கோட்டைக் காப்பு என்னும் தலைப்பில் வெளியாகி, பிறகு பாட்டுக்குள் வரும் விண்மீன் பொறித்த கொடியின் பெயரைப் பெற்று, 1931இல் சட்டப்படி நாட்டுப்பண் ஆனது. வங்கதேசத்தின் அமார் சோனார் பாங்லா, என் பொன் வங்கமே என்னும் பொருளுடையது. அதுவும் தாகூர் எழுதியதே என்பதை மாணவர் எவரும் விட்டுவிட மாட்டார்கள்.

மூன்று நிமிட உரையாக அமைத்தல்

இவ்வளவையும் ஒரு பிள்ளை மேடையில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மூன்று நிமிட உரைக்கு நீராருங் கடலுடுத்தவில் தொடங்கி, ஜன, கண, மன, அதிநாயக என்னும் நான்கு சொற்களைப் பிரித்துக் காட்டி, பாரத பாக்கிய விதாதா என்னும் பழைய பெயரைச் சொல்லி, 1911, 1912, 1950 ஆகிய ஆண்டுகளை வரிசையாக வைத்து, மார்செயேசையோ இலங்கைப் பண்ணையோ ஒப்புக்கு எடுத்துக்கொண்டால் நிறைவாக இருக்கும். சிறிய வகுப்புப் பிள்ளையாயின் ஆண்டுகளைக் குறைத்துச் சொற்பொருளைக் கூட்டுங்கள். மேல்வகுப்பு மாணவராயின் ஐந்தாம் ஜார்ஜ் பற்றிய ஐயத்துக்கு அரை நிமிடம் ஒதுக்குங்கள், நடுவர் அதைக் கேட்கும் வாய்ப்பு மிகுதி. உரையை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைப்பதை நான் ஏற்பதில்லை. சொற்களையும் ஆண்டுகளையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக் கொடுத்து, வாக்கியங்களைப் பிள்ளையே அமைக்கட்டும்; முதல் இரண்டு முறை தடுமாறும், பிறகு தன் பேச்சாகவே வரும்.

சொற்பொருளில் ஐயம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஜனம், கணம், மனம், நாயகன் ஆகிய சொற்களைப் பிள்ளையையே எடுத்துப் பார்க்கவையுங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை அழைத்துச் சென்றால் இந்த வேலை ஒரு முற்பகலில் முடிந்துவிடும். விழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும்போது நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் 'நாட்டுப்பண்' என்று மட்டும் இருப்பதே முறை. பாட்டின் பெயரையும் சேர்க்க விரும்பினால் மூன்று சொற்களையும் இடம் விட்டுப் பிரித்து, நடுச்சொல்லில் ணகரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று மெய்ப்பிலேயே பார்த்துவிட வேண்டும்.